ஐந்தில் வைத்துவிட்டுப் போ

ஸ்டுட்கார்ட் அருகில்
18 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் ஹம்சினி சேவித்து எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌக்கியம். அச்யுத்துக்கு மட்டும் ஊர் மாறிய சளி. அபிராமபுரத்தில் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா? அத்திம்பேருக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். அக்கா, சொன்னால் சிரிப்பாய், இந்த வீட்டில் தரை சுடுகிறது! தரைக்கு அடியில் குழாய் குழாயாகப் பதித்து அதில் வெந்நீர் ஓட விடுகிறார்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு வட்டத் திருகு இருக்கிறது. அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டிருக்கும். எண் ஏற ஏறச் சூடும் ஏறும். வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே நான் வெறுங்காலோடு வளைய வருகிறேன்.

ஆனால் அது சொன்ன பேச்சை உடனே கேட்காது. முதல் நாள் மூன்றில் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. நாலு, ஐந்து என்று ஏற்றிக்கொண்டே போனேன். மறுநாள் காலையில் ஹாலில் தோசை வார்த்திருக்கலாம். பதறிப்போய் ஒன்றுக்கு இறக்கினேன். அதற்கு மறுநாள் இரண்டு சால்வையோடு உட்கார்ந்திருந்தோம். இன்றைக்குத் திருகினால் நாளைக்குத்தான் தரைக்குத் தெரியுமாம், வீட்டுக்காரம்மா சொன்னாள். எனக்கிருக்கும் பொறுமைக்கு இது நல்ல வீடுதான் போ.

அம்மாவின் வீணை ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. எல்லாம் நீ கட்டிக் கொடுத்த நேர்த்தி. அம்மாவின் பழைய புடவைகளை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாயே, அந்தக் கனத்த போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். வீணையை ஹாலில் ஜமுக்காளத்தின் மேல் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். அச்யுத் ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

உடனே பதில் போடு. இங்கே தமிழில் பேச அவரை விட்டால் ஆள் இல்லை.

உன் ஹம்சி


அபிராமபுரம்
5 அக்டோபர் 1994

சௌபாக்கியவதி ஹம்சிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் நேற்று வந்தது. மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? மிளகும் பனங்கற்கண்டும் பொடித்துக் கொடு. அத்திம்பேருக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் கேசவப் பெருமாள் கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறார். ஆட்டோ ஏறினால் ஆட்டோக்காரனோடு சண்டை போட வேண்டுமே என்ற பயம்.

தரையைச் சுட வைக்க ஒரு திருகா? நல்ல கூத்து. இங்கே எங்கள் மொட்டை மாடிக்குத் திருகே வேண்டாம். நேற்றுப் பன்னிரண்டு மணிக்குத் துணி எடுக்கப் போனவள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடிக்கொண்டு வந்தேன். கீழ் வீட்டு அஸ்மத்துன்னிசா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, புதுசா டான்ஸு கத்துக்கினு கீறீங்களா?" என்று கேட்டாள். ஐப்பசி பிறக்கப் போகிறது, ஒரு சொட்டு மழை இல்லை. லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. நான் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன். நீ வெறுங்காலோடு வளைய வா. இருக்கிறவளுக்கு எல்லாமே இருக்கும்.

வீணை பத்திரமாகச் சேர்ந்தது பற்றிச் சந்தோஷம். நான் இன்னும் தி.நகருக்கு வாரத்தில் நாலு நாள் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அந்தந்த வீட்டு வீணையை அந்த ஒரு மணி நேரம் தொடுவதோடு சரி. ஒரு வீட்டில் நான் எழுந்த உடனே துணியால் துடைத்து வைக்கிறார்கள்.

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றாமல் கேட்கிறாரா? கொடுத்து வைத்தவள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சீதா


ஸ்டுட்கார்ட் அருகில்
6 நவம்பர் 1994

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் சேவித்து ஹம்சினி எழுதுவது.

சளி விட்டது. உன் மிளகுப் பொடியைக் குடித்துவிட்டு அச்யுத் ஒரு மணி நேரம் தும்மினார். அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா? தீபாவளிக்கு என்ன பட்சணம் செய்தாய்? நான் செய்த மைசூர்பாகை உடைக்கச் சுத்தியல் தேட வேண்டியிருந்தது.

இங்கே வீட்டில் இப்போது ஒரே யுத்தம், எல்லாம் அந்தத் திருகால்தான். நான் மூன்றில் வைக்கிறேன். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து ஆறுக்குத் திருகுகிறார், அடுத்த நிமிஷமே தரை சுட வேண்டும் என்று நினைக்கிறார். அது மறுநாள் மத்தியானம் சுடும்போது வெந்து போகிறவள் நான். கேட்டால், "நான் தொடவே இல்லடி" என்று குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். கடைசியில் திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டேன். கோடு நகர்ந்திருந்தால் அன்றைக்கு ரசம் கிடையாது. மூன்று நாள் ரசம் இல்லாமல் சாப்பிட்டார், பாவம்.

ஒரு சந்தோஷ சமாசாரம். ஜனவரி பதினைந்தாம் தேதி இங்கே இருக்கும் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் கொண்டாடுகிறார்கள். அதில் அரை மணி நேரம் என் வீணை! அச்யுத் பிடித்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். கேமராவைத் தானாகப் பிடிக்கும்படி வைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தார், அதனால்தான் வேட்டி அப்படி இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டிசம்பர் 23 முதல் ஜனவரி 3 வரை ஹாம்பர்க்கில் அச்யுத்தின் மாமா பிள்ளை வீட்டுக்குப் போகிறோம். ஆள் இல்லாத வீட்டில் திருகை இரண்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறாள் வீட்டுக்காரம்மா. எனக்கு வீணையை நினைத்தால் பயமாக இருக்கிறது. குளிரில் மரம் வெடித்துவிடுமா? இல்லை, சூடுதான் ஆகாதா? சித்திரை மாசத்தில் அம்மா வீணையை மேற்குச் சுவர்ப் பக்கம் வைக்க விடமாட்டாளே, அது எதற்கு? நான் அப்போது சின்னவள், ஞாபகம் இல்லை. உனக்குத் தெரியாதது இல்லை. எந்த எண்ணில் வைக்கட்டும் என்று உடனே எழுது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் ஹம்சி


அபிராமபுரம்
20 நவம்பர் 1994
(எழுதி, மடித்து, பீரோவில் வைத்தது. அப்போது தபாலில் சேர்க்கவில்லை.)

ஹம்சி,

க்ஷேமம் விசாரிக்க மனசு வரவில்லை. நீ க்ஷேமமாகத்தான் இருக்கிறாய், போட்டோ சொல்கிறது.

அதை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவின் வீணையோடு நீ உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் உன் அகத்துக்காரர் சப்பணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறார். அவருக்கு ஆதி எது ரூபகம் எது என்று தெரியாது. தெரியாவிட்டாலும் போடுகிறார், கண் உன் மேல் இருக்கிறது. இருபது வருஷத்தில் உன் அத்திம்பேர் நான் வாசிக்கும்போது பேப்பரிலிருந்து கண்ணை எடுத்ததில்லை. கெட்டவர் இல்லை. எடுக்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பொறாமை. எழுதியே விட்டேன். வயிறு பற்றி எரிகிறது ஹம்சி.

அம்மாவிடம் பதினோரு வருஷம் உட்கார்ந்து கற்றவள் நான். நீ மூன்று வருஷம், அதிலும் பரீட்சை வந்தால் வீணைக்கு உறை போட்டுவிடுவாய். அம்மாவுக்குக் கைகால் விழுந்தபின் ஆறு வருஷம் குளிப்பாட்டித் தலை வாரி விட்டவள் நான். நீ லீவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவுவாய். அப்படி இருந்தும் எல்லோரையும் வைத்துக்கொண்டு அம்மா என்ன சொன்னாள்? "வீணை ஹம்சிக்கு. சீதாவுக்கு என்ன, அவளுக்குத்தான் எல்லாம் இருக்கே." நானும் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அதைக் கட்டி, மூட்டி, போர்வை தைத்து உன்னோடு அனுப்பினேன். என்னிடம் என்ன இருக்கிறது? நீயாவது சொல்லேன்.

நீ கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். கம்பிகளுக்கு அடியில் வரிசையாக நிற்கும் மெட்டுகளைப் பிடித்து வைத்திருப்பது வெறும் மெழுகு. சூடு பட்டால் மெழுகு இளகும். மெழுகு இளகினால் மெட்டு நகரும், அப்புறம் ஒரு ஸ்வரமும் அதன் இடத்தில் பேசாது. அதற்காகத்தான் சித்திரை பிறந்தவுடன் அம்மா அதைச் சாயங்கால வெயிலில் காயும் மேற்குச் சுவரை விட்டுப் பெருமாள் உள்ளுக்கு மாற்றுவாள். ஒரு வருஷம் நான் மாற்ற மறந்து, முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ வாங்கவில்லை, அதனால் உனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டில் வை, அதுவே சரி. வீணையைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வை. இதுதான் பதில். இதை நான் ஏன் உனக்குச் சொல்ல வேண்டும்? மற்ற எல்லாம் உன்னிடம் இருக்கிறது. இந்த ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

சீதா


அபிராமபுரம்
22 நவம்பர் 1994

சௌபாக்கியவதி ஹம்சிக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, ஒரு வாரமாகக் கொட்டுகிறது. தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். அத்திம்பேர் அதையே சாக்காக வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார், மணிக்கு ஒரு காபி.

போட்டோ அழகாக இருக்கிறது. ஜோடி நன்றாக இருக்கிறது, திருஷ்டி சுற்றிப் போடு.

நீ கேட்டிருந்தாயே, வீணைக்குக் குளிர்தான் எமன். மரம் சுருங்கி வெடித்துவிடும், அப்புறம் ஒட்டவே ஒட்டாது. அந்த ஊர்க்காரிக்கு வீணையைப் பற்றி என்ன தெரியும்? இரண்டிலெல்லாம் வைத்துவிட்டுப் போகாதே. ஹாலை ஐந்தில் வைத்துவிட்டுப் போ. வீணை எப்போதும் போலத் தரையிலேயே இருக்கட்டும். நான் தைத்துக் கொடுத்த போர்வையை நன்றாக மேலே போர்த்திவிடு. மேற்குச் சுவர் விஷயம் ஒன்றுமில்லை. அங்கே ஜன்னல் வழியாகத் தூசி வரும், அதுதான்.

பொங்கலுக்கு நன்றாக வாசி. என் ஆசிகள் எப்போதும் உண்டு.

அக்கா சீதா


ஸ்டுட்கார்ட் அருகில்
12 டிசம்பர் 1994

என் அக்காவுக்கு ஹம்சியின் ஆயிரம் நமஸ்காரம். அத்திம்பேருக்கும் சொல்.

உடம்பு எப்படி இருக்கிறது அக்கா? மழைத் தண்ணீரில் நடந்துவிட்டுக் காலைத் துடைக்காமல் இருக்காதே, உனக்குச் சேற்றுப்புண் வரும்.

உன் கடிதம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஐந்து என்றவுடன் அச்யுத்துக்கு ஒரே குதியாட்டம். "பார்த்தியா, உங்க அக்காவே எங்க கட்சி!" என்கிறார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மெழுகு இளகாதோ ஹம்சி?" என்று கேட்டார். "எங்க அக்காவுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாக்கும்" என்று வாயை அடைத்துவிட்டேன். புறப்படும் அன்று காலையில் ஐந்தில் வைத்து, பிளாஸ்திரியில் புதுக்கோடு போட்டு, உன் போர்வையை இரண்டு மடிப்பாகப் போர்த்திவிட்டுக் கிளம்பப் போகிறேன்.

23 விடியற்காலையில் ரயில். அதுவரை வீட்டில்தான் இருப்போம். போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன், ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடு. அம்மா போனபிறகு எனக்கு அம்மா நீதான், அதை இதுவரை வாயால் சொன்னதில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

உன் ஹம்சி


அபிராமபுரம்
5 ஜனவரி 1995

அன்புள்ள ஹம்சிக்கு அக்காவின் ஆசிகள்.

மாப்பிள்ளையும் நீயும் சுகமாக ஊர் திரும்பியிருப்பீர்கள். உன் கடிதம் 21ஆம் தேதியே கிடைத்தது. உடனே பதில் போட முடியவில்லை. மார்கழி, விடிகாலையில் கோலம், கோயில், அப்புறம் பாடம் என்று பொழுது சரியாக இருந்தது. 22ஆம் தேதி உன்னோடு பேசலாம் என்று லஸ் கார்னர் பூத்துக்குப் போனேன். லைன் கிடைக்கவில்லை.

வீணை எப்படி இருக்கிறது? போர்வையை எடுத்துப் பார்த்தாயா? மெட்டெல்லாம் சரியாக இருக்கிறதா? ஸ்ருதி சேர்கிறதா? மரம் எப்படி இருக்கிறது? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தாலும் எழுது.

ஏனோ சாப்பாடு இறங்கவில்லை. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

சீதா


ஸ்டுட்கார்ட் அருகில்
9 ஜனவரி 1995

அக்கா,

நமஸ்காரம். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறேன், ஆனால் எனக்கே இங்கே எதுவும் நன்றாக இல்லை.

வீணை போய்விட்டது. போர்வையைத் தூக்கினேன், குப்பென்று மெழுகு வாசனை அடித்தது. கறுப்பு மெழுகு ஓரமெல்லாம் வழிந்து ஜமுக்காளத்தில் ஒட்டியிருந்தது. இருபத்துநாலு மெட்டும் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மரம் தப்பித்தது. ஆனால் அம்மாவின் கை இருந்த இடம் ஒன்றுகூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இது யார் வேலை என்று எனக்குத் தெரியும். அச்யுத் ஆபீஸ் வேலையாக என்னை ஹாம்பர்க்கில் விட்டுவிட்டு 30ஆம் தேதியே திரும்பிவிட்டார். நாலு நாள் தனியாக வீட்டில் இருந்திருக்கிறார், ஹாலில்தான் படுத்திருக்கிறார். குளிர் தாங்காமல் ஆறுக்குத் திருகிவிட்டு, நான் வருவதற்கு முந்தின நாள் ஐந்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "நீங்கதானே திருப்பினேள்?" என்று கேட்டேன். "சத்தியமா இல்லடி, நான் அந்தப் பக்கமே போகல" என்கிறார். பொங்கலுக்கு வாசிக்க முடியாது என்பதுகூடப் பெரிசில்லை. முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஐந்தில் இருந்திருந்தால் உருகியிருக்காது. அக்கா தப்பாகச் சொல்லமாட்டாள் என்று சொன்னேன். அவர் குனிந்து ஜமுக்காளத்தில் ஒட்டிய மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார்.

ஒரு வாரமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் உள்ளே, நான் ஹாலில். பொய் சொல்கிறவரோடு இந்தக் கண்காணாத ஊரில் நான் எப்படி இருப்பேன்? வீணையை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். உன்னோடு இருந்துகொள்கிறேன். வீணையும் உன்னிடமே இருக்கட்டும், நீ சரி செய்து வாசி. வரட்டுமா என்று எழுது.

ஹம்சி


ஸ்டுட்கார்ட் அருகில்
5 பிப்ரவரி 1995

அக்காவுக்கு நமஸ்காரம்.

என் கடிதம் வந்ததா? உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாசம் ஆகப் போகிறது, ஒரு வரி இல்லை. உன் ஜனவரிக் கடிதத்தில் மெட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். உனக்கு மனசில் எப்படியோ பட்டிருக்கிறது பார், அதுதான் அக்கா.

மார்ச் 10ஆம் தேதிக்கு டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பி வருகிற டிக்கெட் வேண்டாம் என்றேன். அச்யுத் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ ஒரு வார்த்தை எழுதினால் தைரியமாக இருக்கும்.

ஹம்சி


அபிராமபுரம்
14 பிப்ரவரி 1995

ஹம்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்திம்பேரும் நன்றாக இருக்கிறார். உன் இரண்டு கடிதமும் வந்தன.

முதல் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வருத்தம் இல்லை. வீணை வரப் போகிறது என்று தோன்றியது. அம்மா சத்தியமாகச் சொல்கிறேன், ஹாலில் அதற்கு எந்த இடம் என்று நின்று பார்த்தேன். சோபாவை நகர்த்தக்கூட நகர்த்தினேன். "எதுக்குடி நகத்தறே?" என்றார் அத்திம்பேர். "பெருக்க" என்றேன்.

ஒரு மாசம் பேசாமல் இருந்தால் போதும், நீ வந்துவிடுவாய், வீணையும் வந்துவிடும். அதனால்தான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் புருஷர் எதையும் திருகவில்லை. திருகியவள் நான். சூடு ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ஐந்து என்று எழுதினேன். தெரிந்தே போர்வையைப் போர்த்தச் சொன்னேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும், எடுத்துப் பார். பூத்தில் லைன் கிடைக்கவில்லை என்றதும் பொய். பூத்துக்காரர் ஷாஹுல் ஹமீது, "லைன் கெடைச்சுக்கினுதாம்மா கீது, நம்பர் சொல்லுங்க" என்றார். நம்பர் எழுதிய உன் கடிதம் கையில் இருந்தது. அதே கடிதத்தில் நீ என்னை அம்மா என்று எழுதியிருந்தாய். அப்படியும் நான் நம்பரைச் சொல்லவில்லை. அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டு, காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். காரணம் எல்லாம் அதில் இருக்கிறது. காரணம் இருக்கிறது என்பதற்காக மன்னிக்க வேண்டாம்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவர் உன்னிடம் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் நம்பு, என்னிடம் நம்ப உனக்கு வேறு ஒன்றும் இல்லை.

சீதா


ஸ்டுட்கார்ட் அருகில்
2 மார்ச் 1995

அக்காவுக்கு,

உன் கடிதம் பிப்ரவரி 25ஆம் தேதி வந்தது. பதில் எழுத ஐந்து நாள் ஆயிற்று. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதில் திட்டு இல்லை, அதெல்லாம் கிழித்ததோடு போயிற்று.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னால், நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அச்யுத் வாசலில் வந்து நின்றார். "ஆமா ஹம்சி. நான்தான் ஆறுல வெச்சேன். குளிர் தாங்கல. உன்கிட்ட சொல்லப் பயந்துண்டு பொய் சொல்லிட்டேன். போகாதே" என்றார். நான் கத்தினேன், கையில் இருந்ததைத் தூக்கி எறிந்தேன், அழுதேன். எறிந்ததை அவர் எடுத்து என் பக்கத்தில் வைத்தார். டிக்கெட்டை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி வேறு சொன்னேன்.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. செய்யாத தப்பை ஒருத்தர் எனக்காகச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் நிஜம் சொன்னபோது நான் நம்பவில்லை. பொய் சொன்ன பிறகுதான் நம்பினேன். சமையலறையில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். அவர் ஹாலில் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து மெழுகை இளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாகச் சாயங்காலம் எல்லாம் இருவரும் முழங்காலில் உட்கார்ந்து மெட்டு வைக்கிறோம். நான் மீட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேலே" என்பேன், அவர் நகர்த்துவார். பதினேழு மெட்டு வைத்தாயிற்று.

அவருக்கு உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அவர் பொய் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். நீ செய்ததும் அவருக்குத் தெரிய வேண்டாம். உன்னைக் காப்பாற்ற இல்லை. இனி யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், எங்கள் அக்கா என்று நான் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும், அதற்காக.

நீ உண்மையை எழுதாமல் இருந்திருந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அம்மாவின் வீணை உனக்குத்தான் வந்திருக்க வேண்டும். அதை நான் உன் நவம்பர்க் கடிதம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அம்மா சொன்ன அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன், ஆசை. நீ கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். இப்போது கேட்டாலும் கொடுக்க முடியாது. அந்த வீணை அங்கேயே, அந்தப் போர்வைக்கு அடியிலேயே போய்விட்டது. இப்போது ஹாலில் இருப்பது நானும் அவரும் வைக்கிற வீணை.

நான் எழுதும்வரை நீ எழுதாதே.

ஹம்சினி